ஜூன் ஒண்ணாம் தேதிப் பிள்ளைகள்

(கீழவைப்பாரில் கால்பந்துப் போட்டியை ஒட்டி நடந்த இளைஞர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்க யாருக்கெல்லாம் சர்ட்டிபிகேட்ல மே, ஜூன் மாசம் பிறந்த தேதி? கையைத் தூக்குங்க. பாத்தீங்களா, நம்ம ஊர்த் தாய்மார்கள் எல்லாம் பேசி வச்சுப் பெத்த மாதிரி இருக்கு!

எனக்கும் ஜூன் ஒண்ணுதான், 1984. ஆனா எங்கம்மா சொல்லுற கணக்கு, 85 மாசிக் களரிக்கு மறுநாள். அம்மாவுக்கு உப்பளத்து வேலை. என்னைப் பாத்துக்க அக்கா பள்ளிக்கூடத்தை நிறுத்தணும். அதனால என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. வாத்தியார் தலைக்கு மேல கையைச் சுத்திக் காதைத் தொடச் சொன்னார். எட்டலை. இருந்தாலும் இரக்கப்பட்டு, அஞ்சு வயசு நிறையுற மாதிரி ஒரு தேதியை எழுதிச் சேத்துக்கிட்டார். அவரைக் குறை சொல்லலை. அந்தப் பேனா இல்லேன்னா அக்கா படிச்சிருக்க மாட்டா.

ஆனா அந்தத் தேதி பந்தாட்டத்துல என்ன பண்ணிச்சுன்னு கேளுங்க.

கால்பந்துல வயசுப் பிரிவுக்குப் பெரும்பாலும் ஜனவரி ஒண்ணுதான் கோடு. 2017-ல் இந்தியாவில் 17 வயசுக்குட்பட்டோர் உலகக் கோப்பை நடந்ததே, அதுக்கு 2000 ஜனவரி ஒண்ணாம் தேதியோ அதுக்கப்புறமோ பிறந்திருக்கணும். ஜனவரியில பிறந்த பையனும் டிசம்பர்ல பிறந்த பையனும் ஒரே பிரிவு. பத்து வயசுல பதினொரு மாசம்ங்கிறது சின்ன வித்தியாசமா? மூத்தவன் ஒரு சாண் உயரம், ஓடுனா முந்துவான். தேர்வாளர் அவனைப் பாத்து 'திறமைசாலி' என்கிறார். அவனுக்கு ஷூ, முட்டை, பயிற்சியாளர், வெளியூர் மாட்ச் எல்லாம் கிடைக்கும். நாலு வருஷத்துல நிஜமாவே திறமைசாலி ஆயிடுவான்.

கனடாவில் ராஜர் பார்ன்ஸ்லி என்கிற உளவியலாளர் 1985-ல் இதை ஐஸ் ஹாக்கியில் காட்டினார். வருஷத்தின் முதல் மூணு மாசத்துல பிறந்தவங்கதான் முன்னணி அணிகளில் குவிஞ்சு கிடந்தாங்க. பிறகு கால்பந்திலும் அதே கதை. இதைச் சொன்னா நம்ம ஆளுக உடனே ராசிபலன் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. வேண்டாம் சாமி! பெல்ஜியத்தில் 1997-ல் வயசுக் கோட்டை ஆகஸ்ட்டிலிருந்து ஜனவரிக்கு மாத்தினாங்க. உடனே ஜனவரிப் பிள்ளைகள் மேலே வந்தாங்க, ஆகஸ்ட் பிள்ளைகள் கீழே போனாங்க. நட்சத்திரம் நகரலை, கோடுதான் நகர்ந்துச்சு.

இப்ப என் கணக்குக்கு வாங்க. உள்ளபடி 85 பிப்ரவரிப் பிள்ளை. அந்த வருஷத்துப் பசங்களில் நான் மூத்தவன். பேனா என்னை 84-க்குத் தள்ளிடுச்சு. அந்தக் கூட்டத்துல டிசம்பர்க்காரனுக்கும் நான் இளையவன். தேர்வுக்குப் போனா, "பொடிப்பய, அடுத்த வருஷம் வாலே" என்றார்கள். அடுத்த வருஷம் காகிதத்துல எனக்கும்தானே ஒரு வயசு கூடியிருக்கும்!

வயசைக் குறைச்சுக் காட்டி ஆடுறவங்களும் உண்டு. அவங்களைப் பிடிக்க 17 வயசுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் 2009 முதல் மணிக்கட்டு எலும்பை ஸ்கேன் எடுக்கிறார்கள். அந்த ஸ்கேன் மூத்தவனை வெளியேத்தும். வயசைக் கூட்டி எழுதப்பட்ட அளத்துக்காரி மகனுக்கு, தவறிப்போன வருஷத்தைத் திருப்பித் தராது.

'தகுதி, திறமை'ன்னு நம்ம காதுல ஓதுறாங்களே, அந்தத் தகுதியை எந்தத் தேதியில நின்னு அளந்தீங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

பெல்ஜியம்காரன் ஒரு வேலை செஞ்சான். உடம்பு மெதுவா வளருற பிள்ளைகளுக்குன்னு 2008 வாக்கில் தனியா ஒரு தேசிய இளையோர் அணியே வச்சான். நம்ம மன்றத்துல அவ்வளவு முடியாது. ஆனா ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல வயசைப் பாக்காம உயரத்தைப் பாத்து அணி பிரிக்கலாமே. நோட்டுல ரெண்டு தேதியும் எழுதலாம்: சர்ட்டிபிகேட் தேதி, அம்மா சொல்லுற தேதி.

இன்னொண்ணு. 2023 அக்டோபர் முதல் பிறக்கிற குழந்தைக்குப் பள்ளியில் சேர்க்க, வயசுக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். பிறந்த 21 நாளுக்குள்ள பதிவு செஞ்சிருங்க. அளத்துக் குடிசைகளுக்குப் போற தோழர்கள் இதை வீடு வீடாச் சொல்லணும்.

பசங்க பந்தைக் கக்கத்துல வச்சுக்கிட்டு என்னையே முறைக்கிறாங்க. ஆடுங்கலே, நான் இறங்கிக்கிறேன்.