பொருத்தம் அறிந்து பூட்டுதல்

பழைய பொருளைச் செப்பஞ்செய்து மேலும் சில ஆண்டுகள் பயன்கொள்ளுதல் சிக்கனம் அறிந்தோர் செயல். எனினும், செப்பஞ்செய்யப் புகுந்து உள்ளதையும் கெடுத்துக்கொள்வோர் உளர். மடிக்கணினியின் ‘புறொசெசர்’ எனப்படும் செயலியை மாற்ற விழைவோர் இதனை முதற்கண் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மணம் பேசுமுன் பொருத்தம் பார்ப்பது தமிழர் வழக்கம். செயலியை வாங்குமுன்னரும் பொருத்தம் பார்த்தே ஆகவேண்டும். இங்கே ஒன்று குறைந்தாலும் பரிகாரம் தேடுவது அரிது.

மாணவன் ஒருவனிடம் 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த லெனோவோ திங்பாட் ரி440 மடிக்கணினி இருக்கிறது என்று கொள்வோம். பாடக் குறிப்புகளை எழுதுவதும் பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்வதும் அதிலேதான். வேறொன்று வாங்க வசதியில்லை. அதன் மந்தகதியால் மனஞ்சலித்த அவன், கோர் ஐ7-4700எம்கியூ என்னும் செயலி மலிந்த விலைக்குக் கிடைப்பதை அறிகிறான். அவனுடைய கணினியில் உள்ளதும் இன்ரெல் நிறுவனத்தின் நான்காந் தலைமுறைச் செயலி; வாங்கப்போவதும் அதே தலைமுறை. ஆகவே பொருந்தும் என நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறான். கணினியைத் திறந்த பின்னரே உண்மை புலனாகிறது. அதன் செயலி கழற்றக்கூடியதன்று. தாய்ப்பலகையோடு பற்றாசு வைத்து ஒட்டப்பட்டது.

அவன் தோழனிடம் இருப்பதோ ரி440பி. பெயரில் ஓர் எழுத்தே மிகை. ஆயினும், அதிலே செயலி ‘சொக்கற்’ எனப்படும் குழியில் அமர்ந்திருக்கிறது. பூட்டைத் தளர்த்தி எடுத்துவிடலாம். செயலியின் பெயரிலும் ஈற்றெழுத்தே இதனை உணர்த்தும். அத்தலைமுறையில் எம், எம்கியூ என முடிவன குழியில் அமர்வன; யு, எச்கியூ என முடிவன ஒட்டப்படுவன. ஐந்தாந் தலைமுறை தொட்டு இன்ரெலின் மடிக்கணினிச் செயலிகள் ஒட்டப்பட்டனவாகவே வருகின்றன. ஆதலின், “கழற்ற முடியுமா?” என்பதே முதற் கேள்வி.

கழற்ற முடியும் என்றாலும் அவசரம் ஆகாது. 2006 ஆம் ஆண்டின் ‘எம்’ குழிக்கும் 2007 ஆம் ஆண்டின் ‘பி’ குழிக்கும் ஊசிகள் 478 தாம். ஆனால், அவை அமைந்த விதம் வேறாதலால் ஒன்றிற்குரிய செயலி மற்றதில் வேலை செய்யாது. எண்ணிக்கையை மட்டும் நம்புதல் பிழை.

குழி ஒத்துவந்தாலும் ‘சிப்செற்’ எனப்படும் துணைச்சில்லு இசையவேண்டும். செயலிக்கும் கணினியின் பிற உறுப்புகளுக்கும் இடையே தூது செல்வது அதுவே. கோர் 2 டுவோ வரிசையின் ரி9300, ரி9600 ஆகிய இரண்டும் ‘பி’ குழிக்கு உரியன. எனினும், முன்னது 800 மெகாகேட்ஸ் வேகத் தடத்தையும் பின்னது 1066 மெகாகேட்ஸ் தடத்தையும் வேண்டும். இன்ரெல் 965 துணைச்சில்லின் எல்லையோ 800. ஆதலால், விலை கூடிய ரி9600 அங்கே தன் இயல்பில் இயங்காது, ரி9300 இயங்கும்.

மூன்றாவது பொருத்தம் கண்ணுக்குப் புலப்படாதது. கணினி விழித்தெழும்போது முதலில் ஓடும் நிரல் பயோஸ் எனப்படும். புதிய செயலியை அது அறியாதாயின் திரை இருண்டே கிடக்கும். பழைய செயலி இருக்கும்போதே பயோஸைப் புதுப்பித்தல் வேண்டும். கழற்றிய பின்னர் எண்ணிப் பயனில்லை.

நான்காவது வெப்பம். ரி440பியில் இரு கருக்கள் கொண்ட ஐ5-4300எம் 37 வாற்று அளவுக்கு உரியது. நான்கு கருக்கள் கொண்ட 4700எம்கியூ 47 வாற்று அளவுக்கு உரியது. விசிறியும் வெப்பக் குழாயும் அந்த மிகையைத் தாங்காவிடின், செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். கொடுத்த பணம் சூடாய்ப் போகும், வேகம் வராது. நான்கு கருக்கள் இருந்தும் 37 வாற்றில் அடங்கும் 4712எம்கியூவும் உண்டு. வேகத்தையே நோக்குவோன் முன்னதை வாங்குவான்; கணினியையும் நோக்குவோன் பின்னதைத் தேடுவான்.

விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதி முடிவுற்றது. செயலியை மாற்றினால் விண்டோஸ் 11 ஏறும் என்று எண்ணுவோரும் உளர். அது பொதுவாக இன்ரெலின் எட்டாந் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ கேட்கிறது. பழைய குழிகளில் அமரும் செயலி எதுவும் அத்தலைமுறையைச் சேர்ந்ததன்று. அந்நோக்கத்துக்காகச் செலவிடுவது வீண்.

இவற்றை அறியப் பெரும் புலமை வேண்டியதில்லை. கணினியின் முழுப் பெயரைக் குறித்துக்கொண்டு, அதனை ஆக்கியோர் வெளியிட்ட பராமரிப்புக் கைந்நூலைப் பார்த்தல் போதும். அவ்வகை எந்தெந்தச் செயலிகளோடு விற்கப்பட்டது என்பதை அதிலே காணலாம். அப்பட்டியலுக்குள் அடங்கியதை வாங்குவோன் பெரும்பாலும் ஏமாறான்.

அந்த மாணவனுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. அவனுடைய கணினியில் இன்னும் சுழலும் வன்றட்டே இருக்குமாயின், அதனை நீக்கி எஸ்.எஸ்.டி. பூட்டலாம், நினைவகத்தையும் கூட்டலாம். மந்தகதிக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். செயலியைக் குறைகூறுமுன் அதனை ஆராய்ந்திருந்தால், அவன் பணமும் தப்பியிருக்கும். பரீட்சைக் காலத்து மனவமைதியும் தப்பியிருக்கும்.