மேல் ஓட்டையில் ஒயர் இல்லை

எனக்கு மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கமில்லை. தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

போன வருஷம் குழுக் கடன் வாங்கி, கேக் செஞ்சு விற்கலாம்னு 2000 வாட்ஸ் கரண்ட் ஓவன் வாங்கினேன். அதோட பிளக் பெரிசு. எங்க அடுப்படியில் இருந்ததோ மிக்சி போடுற சின்ன பாயிண்ட். நுழையல. கன்வெர்ட்டர் ஒண்ணு வாங்கி மாட்டினேன். மூணாவது கேக் வேகும்போது கருகுற வாசனை. பார்த்தா பாயிண்டே இளகிப்போயிருக்கு.

அதைவிட மோசம், ஓவனைத் தொட்டா கையில் சுர்ருன்னு இழுக்கும். "செருப்பு போட்டுக்கிட்டு தொடும்மா"ன்னு மாமியார் சொன்னாங்க. நானும் நாலு நாள் அப்படித்தான் வேலை செஞ்சேன். அஞ்சாம் நாள் என் சின்னப் பொண்ணு குளிச்ச ஈரத்தோட, வெறுங்காலில் ஓவன்கிட்ட போய் கையை நீட்டினா. ஓடிப்போய் இழுத்துட்டேன். அன்னையோட ஓவனை நிறுத்தினேன்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் பாயிண்டைக் கழட்டிக் காட்டினார். வெளியே மூணு ஓட்டை, உள்ளே ரெண்டே ஒயர். மேல் ஓட்டைக்கு வரவேண்டிய பச்சை ஒயர், அதாவது எர்த், இல்லவே இல்லை. வீடு கட்டி 12 வருஷம்! 2000 வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தா கிட்டத்தட்ட 9 ஆம்பியர், சின்ன பாயிண்ட் 6 ஆம்பியர்தான் தாங்கும்னார். பத்தாவதில் படிச்ச கணக்குதான் இது.

மீட்டரிலிருந்து தனி லைன் இழுத்து, 16 ஆம்பியர் பாயிண்ட் வச்சோம். பின்வாசலில் குழி தோண்டி கரியும் உப்பும் போட்டு எர்த் பைப் இறக்கினோம். கரண்ட் கசிஞ்சா உடனே அணைஞ்சிடுற ஆர்.சி.சி.பி.யும் மாட்டினோம். சிலிண்டருக்கு நேர் மேல பாயிண்ட் கேட்டேன், அண்ணன் சம்மதிக்கல. கேஸ் காத்தைவிடக் கனம், கசிஞ்சா தரையோட தேங்கும், பிளக்கில் சின்னப் பொறி பறந்தாலும் போதும்னு எதிர்ச் சுவரில் வச்சார். கேஸ் வாசனை வந்தா எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்துட்டு வெளியே வந்து 1906-க்குப் போன் பண்ணுங்க.

செலவு ஓவன் விலையில் பாதிக்கு மேல. "ஓவனுக்கும் கடன், ஒயருக்கும் கடனா?"ன்னு வீட்டுக்காரர் முணுமுணுத்தார். கடன் கேட்டப்போ மிஷின் விலையைக் கேட்டாங்க, பாயிண்ட் இருக்கான்னு யாரும் கேட்கல. எனக்கும் சொல்லத் தெரியல. கிரைண்டர், ஓவன்னு கடன் தரும்போது ஒயரிங் செலவையும் அதிலேயே சேர்த்துத் தரணும்னு தலைவி அக்காவைக் கேட்டுக்கிறேன்.