விண்ணப்பமும் விடையும்



வெள்ளிவிழாக் காணும் இச்சங்கத்தின் மேடையில், ‘அன்றாட வாழ்வில் செபமும் அதன் விடையும்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்துள்ளனர். இவ்வவையில் கிறித்தவர் உளர். மாரியம்மனை வணங்குவோர் உளர். புத்தரைப் போற்றுவோரும், கடவுள் இல்லை என்போரும் உளர். எவரையும் நம் சமயத்துக்கு அழைப்பது நம் நோக்கமன்று. நாம் பற்றி நிற்கும் நம்பிக்கை நம்மை எவ்வாறு நடத்திற்று என்பதை மட்டுமே சொல்ல விழைகிறோம்.

‘விண்ணப்பம்’ என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஞாயிறன்று ஆலயத்தில் முழந்தாளிட்டு ஆண்டவரிடம் சொல்வதும் விண்ணப்பம். திங்களன்று வட்டாட்சியர் அலுவலகத்தில் வரிசையில் நின்று கொடுப்பதும் விண்ணப்பம். பள்ளித் தலைமையாசிரியராகிய நமக்கு இரண்டும் பழக்கமானவை. நம் மக்களின் வரலாற்றில் இவ்விரண்டும் கைகோத்தே நடந்துள்ளன.

உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டை உலகமே புகழ்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி ஆகியன வாரிய உறுப்பினர்க்குரிய தகுதிகளாக அங்கே கூறப்பட்டுள்ளன. நிலமும் மனையும் மறுக்கப்பட்டோரின் பெயர் அக்குடத்துள் விழ வழியே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் செங்கற்பட்டு மாவட்டத்துச் சேரி மக்கள் பலருக்குத் தாம் குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லை. தரிசு நிலம் வேண்டித் தர்க்காஸ்து எழுதினால், மிராசுதாரருக்கே முன்னுரிமை என்று அது தள்ளப்பட்டது.

அந்நாளில் நம் பாட்டிமார் ஆண்டவரிடம் எதை வேண்டியிருப்பர்? விரட்டப்படாமல் உறங்க ஒரு குடிசை, உழுது உண்ண ஒரு காணி, இவற்றையன்றோ வேண்டியிருப்பர்! செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து சபைக் குரு ஆடம் ஆண்ட்ரூவும், வெஸ்லியன் சபையின் வில்லியம் கௌடியும் அவர்களின் குறையை ஏட்டில் எழுதி அரசுக்கு எடுத்துரைத்தனர். மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் விரிவான அறிக்கை அளித்தார். 1892இல் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அவ்விண்ணப்பத்தின் விடையே.

விடை கிடைத்ததோடு வேலை முடியவில்லை. அந்நிலங்கள் பல பிறர் கைக்கு மாறின. காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்தனர். ஒருவர் ஜான் தாமஸ், மற்றவர் ஏழுமலை. பெயரால் சமயம் வேறு. சிந்திய குருதி ஒன்று.

செபிப்பவனையே ஆண்டவர் விடையாக்கி அனுப்புவதும் உண்டு. நமக்குத் தெற்கே உள்ள திண்டிவனத்தில் நிகழ்ந்ததைப் பலரும் அறிவீர்கள். நோயுற்ற தாய்க்கு உதவ அமெரிக்காவிலிருந்து வந்த இளம்பெண் ஐடா ஸ்கடர், மிஷனரியாக இந்நாட்டில் தங்க விரும்பவில்லை. ஓரிரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராய் வந்து, பேறுகாலத்தில் துன்புறும் தம் மனைவியரைக் காக்க வேண்டினர். வீட்டிலேயே மருத்துவரான அவர் தந்தை இருந்தும், ஆண் மருத்துவர் வேண்டாவென்று திரும்பினர். மூன்று பெண்களும் இறந்தனர். துயரத்தோடு செபித்த அப்பெண் தம் முடிவை மாற்றினார். 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் திரும்பினார். 1918இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். அம்மூன்று பெண்களுக்கு விடை காலம் கடந்தே வந்தது. அதன்பின் வந்த எண்ணற்ற தாய்மார்க்கோ அது காலத்தில் வாய்த்தது.

இனி நம் இல்லத்துச் செய்தி ஒன்று. எந்தை கூலி வேலை செய்தவர். எம்மைப் பள்ளியில் சேர்த்த நாளில், சமயம் என்ற இடத்தில் கிறித்தவர் என்றே எழுதுவித்தார். அவ்வொரு சொல்லின் விலையை அவர் அறிவார். 1950 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்னும் நிலையை இந்துக்களுக்கே உரியதாக்கிற்று. 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவராகிய ஆதிதிராவிடர் சேர்க்கப்படவில்லை. தமிழக அரசு கல்வி உதவித்தொகை தருகிறது. ஆயினும் பட்டியல் சாதியினர்க்குரிய இடஒதுக்கீடு இல்லை; தனித்தொகுதி இல்லை; 1989 ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பும் இல்லை. ஊர்த்தெரு மட்டும் நம்மைப் பழைய பெயராலேயே அழைக்கிறது!

கல்வியியல் பட்டம் பெற்றபின், பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் பதினோர் ஆண்டுகள் காத்திருந்தோம். ஒவ்வொரு விடியலிலும் எந்தை செபித்தார். பணி ஆணை வந்த நாளில் அவர் துள்ளிக் குதிக்கவில்லை. “கேட்டது வந்தது, வாங்கியதை என்ன செய்யப் போகிறாய்?” என்று மட்டும் வினவினார். அவ்வினாவுக்கு இன்றளவும் விடையிறுத்துக் கொண்டிருக்கிறோம்.

ஆலயம் செல்லும் பெற்றோர் சிலர், பிள்ளையின் வாழ்வு கருதிப் பதிவேட்டில் வேறு சமயம் எழுதச் சொல்கின்றனர். அவர்களை இகழ நமக்கு மனம் வருவதில்லை. ஒரு தாயை விசுவாசத்துக்கும் பிள்ளையின் சோற்றுக்கும் இடையில் நிறுத்தும் விதியே வெட்கப்பட வேண்டும். அவ்விதி மாற 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்காடினர். 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமும் தீர்மானம் இயற்றிற்று. இயேசு பெருமான் சொன்ன கதையில், நீதியற்ற நடுவனிடம் ஓயாமல் சென்று முறையிட்ட கைம்பெண் ஒருத்தி வருகிறாள். சோர்ந்து போகாமல் செபிப்பதற்கு அவர் காட்டிய சான்று, அலுவலகப் படியேறிய ஓர் ஏழைப்பெண் என்பதை மறவாதீர்கள்.

நம் சங்கம் தொடங்கிய நாளில் பெரிய நன்கொடை ஏதும் இல்லை. தாய்மார் உலை வைக்குமுன் எடுத்து வைத்த பிடியரிசியே முதல். ஓராண்டு, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் பொங்கலுக்குப் பின் பள்ளிக்கு வரவில்லை. முன்பணம் வாங்கிய பெற்றோர் அவனையும் செங்கல் சூளைக்கு அழைத்துச் சென்றிருந்தனர். அவன் பாட்டி ஆலயத்தில் அழுதார். பின் பள்ளிக்கும் வந்து, “பேரப்பிள்ளை பரீட்சை எழுதணும், ஐயா” என்றார். சங்கப் பெரியவர் இருவர் சூளைக்குச் சென்று பேசி, பையனை அழைத்து வந்து தம் வீட்டுத் திண்ணையில் தங்கவைத்துப் படிக்க வைத்தனர். முன்பணம் தீர்க்கப் பெற்றோர் மேலும் ஒரு பருவம் உழைத்தனர். அம்மாணவன் தேறினான், தொழிற்பயிற்சி முடித்து இன்று திருப்பெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறான். அப்பெரியவர் இருவரும் கிறித்தவர் அல்லர். எனினும் அப்பாட்டியின் செபத்துக்கு விடையாய் வந்தவர்கள் அவர்களே என்று நாம் உறுதியாய் நம்புகிறோம்.

மாணவச் செல்வங்களே! செபிப்பவர்கள் செபியுங்கள். செபித்தபின் எழுந்து மனு எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டுக் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிடில் மீண்டும் செல்லுங்கள். நீங்கள் படித்து ஒரு மேசையின் பின்னே அமரும் காலம் வரும். அன்று நடுங்கும் கையோடு ஒருவர் காகிதம் நீட்டினால், முதலில் அவரை அமரச் சொல்லுங்கள். பிறகு அக்காகிதத்தை முழுதும் படியுங்கள்.

சங்கம் பொன்விழாக் காண ஆண்டவர் அருள் புரிவாராக.