தெய்வத்தால் வருவதும் மனிதரால் வருவதும்

(நமது சங்கத்தின் வருஷாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஜனங்களுக்கு நேரிடும் பெருந்துன்பங்களை, இயற்கையால் வருவன என்றும் மனிதரால் வருவன என்றும் இருவகையாகப் பகுத்துரைப்பது வழக்கம். இவ்விருவகையையும் சோழநாடு 2004-ம் வருஷம் ஒன்றிலேயே கண்டது. அவற்றை இங்கே நாம் நினைவூட்டுவது அழுவதற்கன்று, அறிவு பெறுவதற்கேயாம்.

அவ்வருஷம் ஜூலை மாதம் 16-ந் தேதி, கும்பகோணத்தில் ஒரு பாடசாலையின் சமையற்கூடத்தில் எழுந்த தீ, மாடி வகுப்புகளின் கீற்றுக் கூரையைப் பற்றியது. 94 குழந்தைகள் மாண்டனர். அடுப்பில் தோன்றிய சிறு தீ இத்தனை உயிரை உண்ண ஏதுவாயிருந்தவை எவை? வகுப்பின் மேல் வேய்ந்த கீற்று, குறுகிய மாடிப்படி, இடத்துக்கு மிஞ்சிய பிள்ளைகளின் நெருக்கம் ஆகிய இவையே. இவற்றுள் ஒன்றேனும் விதியால் வந்ததன்று.

அவ்வருஷமே டிசம்பர் 26-ந் தேதி காலை சுமார் ஆறரை மணிக்குச் சுமத்திராத் தீவினருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்நேரமெல்லாம் கரையிலுள்ளார்க்கு ஒரு வார்த்தை சொல்வாரில்லை. அத்தகைய எச்சரிக்கை ஏற்பாடு இந்துமகா சமுத்திரத்துக்கு அப்போது இருந்ததில்லை. ஹைதராபாத்தில் அதற்கென நிலையம் ஏற்பட்டது 2007-ம் வருஷத்தில்தான். நாகை ஜில்லாவில் மாத்திரம் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தனர். அலையைத் தடுத்தல் மனிதரால் ஆகாது; ஆயினும் அவ்விரண்டு மணி நேரம் வீணாய்க் கழிந்தது மனிதக் குறையே. ஆகவே, தெய்வத்தின் மேல் முழுப்பழியையும் ஏற்றிவிட்டு நாம் கை கழுவிக்கொள்ளுதல் நியாயமாகாது.

நிற்க. நம்மவர் பல ஊர்களிலும் பாடசாலை, மாணவர் விடுதி, கல்யாண மண்டபம் முதலியன நடத்தி வருகின்றனர். முகப்பிலே பெயர் பொறிக்கப் பொருள் தருவார் பலர். இரண்டாவது மாடிப்படிக்குப் பொருள் தருவார் சிலரே. முகூர்த்த நாளில் மண்டபத்தின் பின்வாசல் பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று பார்ப்பார் யார்? ஊர்தோறும் நம் அங்கத்தினருள் மூவர், ஆண்டுக்கொருமுறை இக்கட்டடங்களின் படி, கதவு, கூரை, அடுப்பு, மின்கம்பி ஆகியவற்றைப் பார்வையிட்டுச் சங்கத்துக்கு எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். அம்மூவருள் ஒருவரேனும் பெண்மணியாயிருத்தல் நலம்; அடுப்படியின் அபாயத்தை அவர்களே நன்கறிவர்.

இன்னுமொன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அப்பேரலைக்குப் பின் சில இடங்களில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தண்ணீரும் தங்குமிடமும் மறுக்கப்பட்டதாக அக்காலத்திலேயே செய்திகள் வெளிவந்தன. இயற்கை செய்த கொடுமைக்கு மேல் மனிதர் செய்த கொடுமை இது. ஒரு குலத்தின் பெயரால் கூடியிருக்கும் நாம் இதனைப் பிறரினும் அதிகமாகச் சிந்திக்க வேண்டும். ஆபத்துக் காலத்தில் நம் மண்டபங்களின் கதவு, வந்தவர் யாரென்று கேளாமல் திறக்கட்டும். அங்கே இடும் இலையும் ஒரே வரிசையாய் இருக்கட்டும். நம் சங்கத்துக்கு அதனினும் பெரிய கீர்த்தி வேறில்லை.