பச்சை என்னும் அடைமொழி

சேர்வராயன் மலைக்குக் காப்பிப் பயிர் வந்தது 1820களில். அப்போது சேலம் மாவட்ட ஆட்சியராயிருந்தவர் காக்பர்ன். இன்று நாகலூர் போன்ற மலையூர்களில் அப்பயிர் வாழ்வோடு கலந்துவிட்டது. அறுவடையில் பறிக்கத்தக்கது சிவந்து கனிந்த பழமே. பச்சைக்காய் கலந்தால் சுவை கெடும். ஆயினும், அப்பழத்தின் தோலும் சதையும் நீக்கி உலர்த்திய, வறுக்கப்படாத கொட்டையை ஆங்கில வணிகர் 'கிரீன் காபி' என்பர். தோட்டத்தில் குறையாகிய பச்சை, சந்தையில் சரக்கின் பெயராகிறது.

'கிரீன்' என்னும் ஆங்கில அடைமொழி, வளர்தலையும் புல்லையும் குறிக்கும் அம்மொழிச் சொற்களோடு ஒரே வேரில் பிறந்தது. வளர்வதன் நிறத்தைக் குறித்த அது, முதிராமை, பக்குவப்படுத்தாமை எனப் பொருள் விரிந்தது. பட்டறிவற்ற புதியவனையும் அது சுட்டும்.

தமிழிலும் இவ்விரிவு காணத்தக்கது. அவிக்காத நெல்லின் அரிசி பச்சரிசி. காய்ச்சாத நீர் பச்சைத் தண்ணீர். ஆனால் பச்சைக் குழந்தை, பிள்ளை பெற்றவளின் பச்சை உடம்பு என்னுமிடத்துத் தோன்றுவது அறியாமை அன்று, காக்கவேண்டிய மென்மை. பச்சைப் பொய் என்பது கலப்பற்ற பொய். காமராசரைப் பெரியார் 'பச்சைத் தமிழர்' என்றபோது, முதிராத தமிழர் என எவரும் பொருள் கொண்டிலர்.

செழிப்பைச் சுட்டத் தமிழில் 'பசுமை' எனத் தனிச்சொல் உண்டு. 1968இல் வில்லியம் காட் ஆங்கிலத்தில் இட்ட பெயர் தமிழில் பசுமைப் புரட்சி ஆயிற்று. 2011இல் தமிழக அரசு தொடங்கிய, சூரிய மின்சக்தியுடன் கூடிய வீடுகள் 'பசுமை வீடுகள்' எனப்பட்டன. பச்சை வீடு எனின் சுவரின் வண்ணமே நினைவுக்கு வரும்.

ஆங்கிலத்தில் ஒரு சொல் நிற்குமிடத்தில் தமிழில் இரண்டு நிற்கின்றன. இதனை மறந்து பெயர்த்தால் விளைவது சொற்பிழை மட்டுமன்று. பறிப்போர்க்கான அறிவிப்பில் 'பசுமையான காய்' என எழுதினால் அது புகழ்ச்சியாய்த் தோன்றும். விலக்கவேண்டிய காய் கூடையில் சேரும். பழியோ உழைத்தவர் மேல் விழும். 'பசுமைக் காப்பி' எனப் பொதியில் அச்சிட்டால், வாங்குபவர் அதனைச் சுற்றுச்சூழலுக்கு உகந்த காப்பி எனக் கருதுவர்.

அகராதி சொல்லுக்குச் சொல் தரும். அடைமொழியின் பொருளை உறுதிசெய்வதோ அதனை அடுத்து நிற்கும் பெயர்ச்சொல். அப்பெயரை நோக்கியபின் அடையைப் பெயர்ப்பதே மொழிபெயர்ப்பாளர் கடன்.