பத்தரும் கோடும் நரம்பும்: யாழ் முதல் மின் கிதார் வரை



இசைக்கருவியின் இனிமையைப் பாடிய புலவர் பலர். அதன் உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுப் பாடியவர் சிலரே. அச்சிலருள் முதலிடம் பெறத்தக்கவர் பொருநராற்றுப்படையின் ஆசிரியராகிய முடத்தாமக்கண்ணியார். கரிகாலனைப் பாட வந்த அவர், 248 அடிகள் கொண்ட தம் பாட்டின் தொடக்கத்திலேயே யாழ் ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டுகிறார். இரண்டாகப் பிளந்து நடுவுயர்ந்த பத்தருக்கு மானின் குளம்பு பதிந்த சுவடு உவமை. அதன்மேல் போர்த்த தோலுக்கு இளஞ்சூல் கொண்ட சிவந்த பெண்ணின் வயிறு. துளைகளை அடைத்து நிற்கும் ஆணிகளுக்கு வளையில் வாழும் நண்டின் கண்கள். உள்நாக்கு இல்லாத வறுவாய்க்கு எட்டாம் நாள் திங்கள். உயர்ந்த கோட்டுக்குத் தலைதூக்கிய பாம்பு. நரம்பை வலித்துக் கட்டும் திவவுக்குக் கருநிற மங்கையின் முன்கை வளையல்கள். நரம்புக்கோ குற்றித் தீட்டிய தினையரிசி.

இவ்வரிசையில் உவமைகளின் அழகைக் கண்டு அமைபவர் மிகுதி. அதற்கப்பால் ஒன்று கருதத்தக்கது. பத்தர், தோல், ஆணி, வறுவாய், கோடு, திவவு, நரம்பு என்னும் இம்முறை, கருவியைச் செய்யும் தச்சன் தன் வேலையில் செல்லும் முறைக்கு மிக அணுக்கமானது. ஆணி எதற்காக அடிக்கப்பட்டது என்பது தெரியாதவர் அதற்கு நண்டின் கண்ணை உவமை சொல்லியிருக்க இயலாது. துளைக்குள் அழுந்தி, மேலே சற்றே புடைத்து நிற்பது இரண்டுக்கும் பொது. புலவரின் கண் பட்டறையில் பழகிய கண்.

இதன் பயன் பிற்காலத்தில் விளங்கிற்று. யாழ் வழக்கொழிந்தது. கருவி ஒன்றுகூட எஞ்சவில்லை, சொற்கள் எஞ்சின. பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் உ.வே. சாமிநாதையர் 1889இல் பதிப்பித்தார். ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், அறிவியல் பட்டமும் கணித அறிவும் உடையவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். ஆற்றுப்படைகளையும் சிலப்பதிகாரத்தையும் அளவுகோலாகக் கொண்டு அவர் யாழின் உருவத்தையும் சுரநிலைகளையும் ஆராய்ந்தார். அவ்வாய்வின் விளைவான ‘யாழ் நூல்’ 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த திங்களே அடிகள் மறைந்தார். அண்மையில் சென்னையில் ‘உரு’ என்னும் பட்டறையை நடத்தும் தருண் சேகர் யாழைச் செய்து, 2021இல் வெளியான பாடலொன்றில் ஒலிக்கச் செய்தார். அழிந்த கருவி ஒன்று மீண்டும் மரமாகவும் நரம்பாகவும் எழுந்தது, புலவர்கள் உறுப்புகளுக்குப் பெயரும் வடிவும் சொல்லி வைத்ததால்தான்.

அயல்நாட்டுக் கருவிகளும் இந்நிலத்துக்குப் புதியன அல்ல. அரக்கோணத்தை அடுத்த திருத்தணி மலையில் முருகன் முதியவர் உருவில் வந்து கற்கண்டு ஊட்ட, முத்துசுவாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையைப் பாடினார் என்பது மரபு. அவருடைய இளவல் பாலுசுவாமி தீட்சிதர், சென்னைக் கோட்டையின் ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் வயலின் பயின்று, அதனைக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார். இருபதாம் நூற்றாண்டில் மாண்டலின் சீனிவாஸ் அதே வழியில் சென்றார். இரட்டைத் தந்திகள் கொண்ட மாண்டலினை விடுத்து, ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டிய மின் மாண்டலினில் கமகங்களை இழைத்துக் காட்டினார். இவ்வரிசையில் அடுத்து நிற்பது மின் கிதார். இன்று அது கடையில் வாங்கும் கருவியாக மட்டுமின்றி, உறுப்புகளாகப் பெட்டியில் வந்து, வீட்டுக் கூடத்தில் இளைஞர் கையால் பூட்டப்படும் கருவியாகவும் இருக்கிறது. ‘கிட்’ என்று அதனைச் சொல்வர்.

கிதாரை இவ்வாறு பிரித்துப் பூட்டும் முறையைப் பரவலாக்கியவர் அமெரிக்கராகிய லியோ ஃபெண்டர். வானொலிப் பெட்டி பழுதுபார்ப்பது அவர் தொழில். கிதார் வாசிக்க அறியாதவர். மரபான கிதாரில் கழுத்தைப் பசையிட்டு உடலோடு ஒட்டுவர். அவர் 1950ஆம் ஆண்டளவில் வெளியிட்ட கிதாரிலோ கழுத்து நான்கு திருகாணிகளால் உடலோடு பிணைக்கப்பட்டது. பழுதானால் கழற்றி மாற்றலாம் என்பதே நோக்கம். கழற்றக்கூடியதைப் பூட்டவும் கூடும் என்பதால், முதன்முறை செய்பவருக்கும் வழி திறந்தது.

அவ்வேலையின் படிகள் எளியவை போலத் தோன்றும். முதலில் மரவுடலை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்; மரத்தின் நரம்போட்டத்துக்குக் குறுக்கே தேய்த்தால் விழும் கீறல்கள் வண்ணம் பூசிய பின்னரே கண்ணுக்குத் தெரியும். கழுத்து பொருந்தும் குழியில் வண்ணம் படியலாகாது. அந்த மெல்லிய படிவமே கழுத்தை முழுதும் அமரவிடாது. வண்ணம் உலரப் பல நாள் காத்திருக்க வேண்டும். அடுத்தது அளவு. தந்தியின் மொத்த நீளம் 648 மில்லிமீட்டர் எனில், பன்னிரண்டாம் மெட்டு அதன் சரிபாதியாகிய 324இல் அமைய வேண்டும். முதல் மெட்டுக்குரிய தொலைவைக் காண, மொத்த நீளத்தை 17.817 என்னும் எண்ணால் வகுக்க வேண்டும். எஞ்சிய நீளத்தை அதே எண்ணால் வகுக்க அடுத்த மெட்டின் இடம் கிடைக்கும். பெட்டியில் வரும் கழுத்தில் மெட்டுகள் முன்னரே பதிக்கப்பட்டிருக்கும். செய்பவர் பொறுப்பு குதிரையைச் சரியான இடத்தில் நிறுத்துவது. தஞ்சாவூர் வீணையிலோ 24 மெட்டுகளும் மெழுகின்மேல் வைக்கப்பட்டு, கைவினைஞரின் செவி ஒப்பிய பின்னரே நிலைபெறும். ஒன்று கணக்கை நம்புகிறது. மற்றது செவியை நம்புகிறது. ஆயினும் கிதாரிலும் இறுதித் திருத்தம் செவிக்கே உரியது. திறந்த தந்தியின் சுரமும் பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய சுரமும் ஒன்றற்கொன்று இரட்டியாக ஒலிக்கும்வரை குதிரையின் தாங்கிகளை மயிரிழை மயிரிழையாக நகர்த்த வேண்டும்.

மின் கிதாரின் உயிர், தந்திக்குக் கீழே இருக்கும் காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச்சுருளும் ஆகும். தலைமயிரினும் மெல்லிய செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக அங்கே சுற்றப்பட்டுள்ளது. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. அம்மாற்றம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்ட விதி இதுவே. மின்சார ரயில் எஞ்சின்களின் பணிமனை அமைந்த அரக்கோணத்து மக்களுக்கு இவ்விதி அயலானது அன்று. இருப்புப்பாதைக்கு மேல் செல்லும் கம்பியின் 25,000 வோல்ட்டை எஞ்சினுக்குள் குறைத்துத் தரும் மின்மாற்றியும் இதே விதியால் இயங்குவது. கிதாரின் சுருள் தருவதோ பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. அச்சிறு அழுத்தம் வெளியிலுள்ள மின்கருவிகளின் இரைச்சலையும் உடன் ஈர்த்துக்கொள்ளும். குதிரையிலிருந்து தரையிணைப்புக்குச் செல்லும் ஒற்றைக் கம்பியைப் பற்றவைக்க மறந்தால், கருவி பாடுவதற்கு முன் முனகத் தொடங்கும். முதன்முறை செய்பவர் பலர் இம்முனகலைக் கேட்ட பின்னரே அக்கம்பியின் பணியை அறிகின்றனர்.

பெட்டியும் இல்லாமல் செய்தவர் உண்டு. ‘குயின்’ இசைக்குழுவின் பிரையன் மே, விலைக்கு வாங்க வசதியற்ற பதினாறு வயதில், மின்னணுப் பொறியாளரான தம் தந்தையுடன் 1963இல் ஒரு கிதாரைச் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்புச் சட்டத்தின் மரம். இடக்குறிகளுக்கு முத்துச்சிப்பிப் பொத்தான்கள். அதிர்வுக் கருவிக்கு மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்வில்கள். ஏறத்தாழ ஈராண்டில் முடிந்த அக்கருவியையே அவர் வாழ்நாள் முழுதும் மேடைகளில் வாசித்து வந்துள்ளார். பொத்தான் முன்பு சட்டையில் இருந்ததையும், வில் முன்பு வண்டியில் இருந்ததையும் அறிந்த கை அது. நண்டின் கண்ணை ஆணியில் கண்ட புலவரின் பார்வைக்கு இக்கை உறவினது.

இவ்விடத்தில் தமிழுக்கு ஒரு வினா எழுகிறது. பெட்டியோடு வரும் செய்முறைத் தாளில் தமிழ்ச் சொல் ஒன்றும் இல்லை. கிதாரைப் பூட்டும் இளைஞர் ஒவ்வோர் உறுப்பையும் ஆங்கிலத்தில் கற்று ஆங்கிலத்திலேயே நினைவில் கொள்கிறார். ஆனால் சொற்கள் இல்லாமல் இல்லை. தண்டி, மெட்டு, குதிரை, பிரடை ஆகியவை வீணை செய்வோரிடையே இன்றும் வழங்குவன. கழுத்தும் தாங்கியும் தந்தி முறுக்கும் திருகும் இவற்றுள் அடங்கும். பெயரற்று நிற்பது காந்தச் சுருள் ஒன்றே. அதற்குக் குழு கூடி ஒரு கலைச்சொல் ஆக்கிவிடலாம். அவ்வாறு பிறந்த சொற்களுட் பல அகராதியிலேயே உறைந்துவிட்டமை அறிந்ததே. ஆணிக்கு நண்டின் கண் கிடைத்தது கலைச்சொல் அகராதியிலிருந்து அன்று. வயலோரம் நண்டையும், பட்டறையில் ஆணியையும் ஒருவரே உற்றுப் பார்த்ததனால்.

தொடாமலே அதிர்வைக் கேட்கும் அவ்வுறுப்புக்கு உவமை சொல்ல வேண்டியவர் கவிஞரே. அதற்கு அவர் தந்தி பூட்டும் கூடத்திலும், எஞ்சின் பணிமனையிலும், தச்சர் தெருவிலும் சிறிது நேரம் நின்று பார்த்திருக்க வேண்டும். பத்தாண்டுகளாகக் கவிதையை வாசித்தும் விவாதித்தும் வந்துள்ள இவ்வட்டம், வரும் ஆண்டுகளில் சில கூட்டங்களையேனும் இத்தகைய இடங்களில் நடத்துமாயின், அங்கே பிறக்கும் சொல்லொன்று கருவி செய்யும் இளைஞர் வாயில் நிலைபெறக் கூடும். யாழைச் சொற்கள் காத்த வரலாறு அந்நம்பிக்கைக்கு இடம் தருகிறது.