தோட்டச் சடக்குக்கு யார் பணம் கொடுப்பது?

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழை பெய்தால் நம் செம்மண் சடக்கு சேறாகிவிடுகிறது. ஆம்புலன்ஸ் முச்சந்தியிலேயே நின்றுவிடுகிறது. பிள்ளை வலி கண்ட பெண்ணை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போகிறோம். கேட்டால் பணமில்லை என்கிறார்கள். பணம் இருக்கிறது, நம் சடக்குதான் கணக்கில் இல்லை!

மத்திய அரசாங்கம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சாலை மானியம் தர வேண்டும் என்று 1957ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 109ஆவது பிரிவு சொல்கிறது. மாநிலச் சாலைகளின் நீளத்தை வைத்தே அந்த மானியம் கணக்கிடப்படுகிறது. இப்போது 'மாரிஸ்' என்னும் பதிவேட்டில் ஏறிய சாலைக்குத்தான் அந்தப் பணம்.

தோட்டச் சடக்கோ முதலாளியின் நிலம். பால் லோரி ஓடுவதற்காகப் போட்டது. நாம் நான்கு தலைமுறை நடந்திருந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது பொதுவழி அல்ல. தேர்தல் வந்தால் இரண்டு லோரிக் கல் கொட்டுகிறார்களே, அது தயவு, மானியமாகுமா?

வழி இருக்கிறது. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி, தம் நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் முதலாளி மாநிலத்திடம் ஒப்படைக்கலாம். லயத்திலிருந்து மெயின் ரோடு வரையுள்ள சடக்கைத்தான் நாம் கேட்கிறோம். ஒரு கித்தா மரத்தையும் கேட்கவில்லை. ஒப்படைத்த பிறகு பதிவில் ஏற்றும்படி மாநிலத்தை வற்புறுத்தலாம்.

பஸ் அதற்கு அப்புறம். சிரம்பான் போன்ற ஊர்களில் அரசாங்கம் பஸ் கம்பெனிக்குப் பணம் கொடுத்து ஓட்டச் செய்கிறது. ஆனால் தனியார் சடக்கில் எந்த பஸ் நுழையும்?

மனுவைக் கிராணிமார்கள் எழுதித் தரவேண்டும். வரும் ஞாயிறு வெட்டு முடிந்ததும் கயிறு பிடித்துச் சடக்கை நாமே அளப்போம். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள்.